பைத்தான் ஸ்கிரிப்டை ஏபிகே ஆக்கும்போது பில்ட் எங்கே உடைகிறது?

பைத்தான் நிரலை ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பாக (ஏபிகே) மாற்றும் கருவி பில்டோசர். அது பாதியில் நின்றுபோனால் திரையின் அடியில் தெரிவது எப்போதும் ஒரே வாசகம்தான்: கடைசிக் கட்டளையை ஓட்ட முடியவில்லை. அதற்கு மேலே சூழல் மாறிகளின் நீண்ட பட்டியல். பலரும் அந்த வாசகத்தை அப்படியே நகலெடுத்து கூகுளில் தேடுகிறார்கள். கிடைப்பதோ வேறு யாருக்கோ வேறு காரணத்தால் வந்த சிக்கலுக்கான தீர்வு. அதைச் செய்து, இன்னொன்றையும் செய்து, எதை எப்போது மாற்றினோம் என்றே தெரியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையான பிழை நூறு இருநூறு வரிகளுக்கு மேலே, முதன்முதலாக 'எர்ரர்' என்று வரும் இடத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கப் பழகிவிட்டால் பில்ட் சிக்கல்களில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் தீரும்.

திரைகளை உருவாக்கும் கிவி லைப்ரரியில் எழுதிய பைத்தான் நிரலை ஆண்ட்ராய்டு செயலியாக்கும் வேலையைப் பற்றிய பதிவு இது. கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பில்டோசர் நேரடியாக எதையும் கம்பைல் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு எஸ்டிகே (செயலி உருவாக்கக் கருவிகள்), என்டிகே (சி மொழி நிரலைப் போனுக்காகக் கம்பைல் செய்யும் கருவிகள்) இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு, பைத்தான்-ஃபார்-ஆண்ட்ராய்டு என்ற கருவியிடம் வேலையைக் கொடுக்கிறது. வட்டாரத்தில் அதை பி4ஏ என்பார்கள். பி4ஏ முதலில் உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு பைத்தானைக் கட்டும். அதற்குப் பெயர் ஹோஸ்ட்பைத்தான். அதை வைத்துக்கொண்டு போனின் ஆர்ம் ப்ராசசருக்கான பைத்தான், எஸ்டிஎல்2 (திரை, ஒலி லைப்ரரி), கிவி, பைஜேனியஸ் (பைத்தானிலிருந்து ஜாவாவை அழைக்கும் லைப்ரரி) எல்லாவற்றையும் என்டிகே மூலம் கம்பைல் செய்யும். பிறகு உங்கள் நிரலையும் படங்களையும் ஒரு டார் கோப்பாகச் சுருட்டும். கடைசியில் கிரேடில் என்ற ஜாவா பில்ட் கருவி வந்து ஜாவா பகுதியைச் சேர்த்து ஏபிகே ஆக்கும். ஆக, உடையக்கூடிய இடங்கள் ஐந்து: கணினியில் இருக்க வேண்டிய கருவிகள், பதிவிறக்கம், கம்பைல், கிரேடில், போனில் ஓடும் நேரம். பிழை எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிரேடில் வரைக்கும் வந்த பில்டுக்கு சைதன் (பைத்தான் போன்ற நிரலை சி மொழிக்கு மாற்றும் கருவி) பதிப்பை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

லாக் முழுசாக வர, பில்டோசரின் அமைப்புகள் இருக்கும் ஸ்பெக் கோப்பில் லாக்_லெவல் மதிப்பை 2 ஆக்குங்கள். திரையில் ஓடும் எல்லாவற்றையும் டீ கட்டளை வழியாக ஒரு கோப்பிலும் விழச் செய்யுங்கள். டெர்மினலில் மேலே சுருட்டிப் பார்ப்பதைவிட எடிட்டரில் திறந்து தேடுவது எவ்வளவோ எளிது.

தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை

லினக்ஸ் வேண்டும், அல்லது மேக். விண்டோஸில் ஆண்ட்ராய்டு பில்ட் நேரடியாக நடக்காது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்பவர்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரை சி ட்ரைவில் வைக்காமல் உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் வைக்க வேண்டும். விண்டோஸ் பக்கத்து ஃபோல்டரில் வைத்தால் பில்ட் பல மடங்கு மெதுவாகும், கோப்பு அனுமதிகளும் குழம்பும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி உள்ள பாதையை பி4ஏ ஏற்காது. வட்டில் பத்து ஜிபியாவது காலியாக இருக்கட்டும். முதல் பில்டுக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அடுத்தடுத்தவை சில நிமிடங்களில் முடியும்.

உபுண்டுவில் ஏபிடி மூலம் போட வேண்டியவை: கிட், ஜிப், அன்ஜிப், ஓப்பன் ஜேடிகே 17, ஆட்டோகான்ஃப், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், சிமேக், கூடவே இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, லிப்எஸ்எஸ்எல், என்கர்சஸ் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள். ஒன்றை விட்டாலும் பில்ட் பெரும்பாலும் உடனே நிற்காது, பத்து நிமிடம் ஓடிவிட்டுச் சம்பந்தமில்லாதது போன்ற ஒரு பிழையோடு நிற்கும். இசட்லிப் டெவ் இல்லையென்றால் ஹோஸ்ட்பைத்தான் கட்டும்போது 'இசட்லிப் நாட் அவெய்லபிள்' என்று வரும். லிப்எஃப்எஃப்ஐ கட்டும் இடத்தில் 'எல்டி' என்று தொடங்கும் ஏதோ ஒரு மேக்ரோ தெரியவில்லை என்று வந்தால் லிப்டூல் சார்ந்த பேக்கேஜ் குறைகிறது என்று பொருள். லிப்எல்டிடிஎல் டெவ் பேக்கேஜைப் போட்டால் சரியாகும். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் லிப்டின்ஃபோ5 உபுண்டு 24.04-இல் கிடைக்காது. அதில் 6-ஐப் போடுங்கள்.

பில்டோசரை எப்போதும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (பைத்தான் லைப்ரரிகளுக்கான தனி ஃபோல்டர்) நிறுவுங்கள். உபுண்டு 23.04 முதல் சிஸ்டம் பைத்தானில் பிப் நேரடியாக நிறுவ விடாது, 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று மறுத்துவிடும். அந்தத் தடையை உடைக்கும் கொடியைச் சேர்த்து நிறுவுவது இன்று வேலை செய்தாலும் நாளை சிஸ்டத்தின் வேறு மென்பொருளைக் கெடுக்கும். என்விரான்மென்டை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்தால் அதன் பெயர் புள்ளியில் தொடங்கட்டும். இல்லையென்றால் ஸ்பெக் கோப்பின் சோர்ஸ்.எக்ஸ்க்ளூட்_டிர்ஸ் வரியில் அதைச் சேர்த்துவிடுங்கள். மறந்தால் அதிலுள்ள ஆயிரக்கணக்கான பைத்தான் கோப்புகளும் ஏபிகேவுக்குள் போய்விடும். காரணமே தெரியாமல் ஏபிகே வீங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பைத்தான் 3.12-லிருந்து டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. 'நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்' என்று பார்த்தால் அந்த என்விரான்மென்டில் செட்டப்டூல்ஸ் போடுங்கள்.

ஸ்பெக் கோப்பு

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் 'பில்டோசர் இனிட்' கொடுத்தால் பில்டோசர்.ஸ்பெக் உருவாகும். அதில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தாலும் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தொடக்கக் கோப்பின் பெயர் மெயின்.பிஒய் என்றே இருக்க வேண்டும். பேக்கேஜ் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியும் நடுக்கோடும் இல்லாமல், எண்ணில் தொடங்காமல் வையுங்கள். டொமைனை முதலிலேயே யோசித்து எழுதுங்கள். பேக்கேஜ் பெயரும் டொமைனும் சேர்ந்ததுதான் செயலியின் அடையாளம், ப்ளே ஸ்டோரில் ஏற்றிய பிறகு மாற்ற முடியாது.

அதிகத் தொல்லை தருவது ரெக்வயர்மென்ட்ஸ் வரி. கணினியில் ஓடியது போனில் 'நோ மாட்யூல் நேம்ட்' என்று சாகும் செயலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் ஒரு பெயர் விடுபட்டதால் சாகின்றன. பி4ஏ நீண்ட காலமாகவே ஒரு பேக்கேஜைப் போடும்போது அது சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களைத் தானாக இழுத்து வராது. ரெக்வெஸ்ட்ஸ் வேண்டுமென்றால் யூஆர்எல்லிப்3, செர்ட்டிஃபை, ஐடிஎன்ஏ, சார்செட்-நார்மலைசர் நான்கையும் நீங்களே எழுதிவிடுவது பாதுகாப்பு. எது எதைச் சார்ந்தது என்று அறிய, சுத்தமான புதிய என்விரான்மென்டில் அந்தப் பேக்கேஜை மட்டும் பிப் மூலம் போட்டு, பிப் ஃப்ரீஸ் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே பல லைப்ரரிகள் குவிந்திருக்கும் என்விரான்மென்டின் ஃப்ரீஸ் பட்டியலை மொத்தமாக ஒட்டாதீர்கள். போனுக்குத் தேவையே இல்லாத ஒன்று கம்பைல் ஆகாமல் நின்று பில்டையே மறிக்கும்.

இரண்டாவது பெரிய காரணம் சி மொழிப் பகுதி உள்ள பேக்கேஜ்கள். முழுக்கப் பைத்தானில் எழுதியது எதுவானாலும் பிப் வழியாகப் போய்விடும். சி, சி++, ரஸ்ட் எதுவும் கலந்திருந்தால் அதற்கென பி4ஏவில் ஒரு ரெசிப்பி, அதாவது அதைப் போனுக்காகக் கட்டும் முறையைச் சொல்லும் கோப்பு, இருக்க வேண்டும். நம்பை, பில்லோ, பாண்டாஸ், ஓப்பன்சிவி போன்றவற்றுக்கு ரெசிப்பி இருக்கிறது. பைடார்ச்சை இந்த வழியில் கொண்டுபோக நினைக்க வேண்டாம். ரெசிப்பி இல்லாத பேக்கேஜை எழுதினால் சில நேரம் பில்ட் நல்லபடியாகவே முடிந்துவிடும், அதுதான் ஆபத்து. உங்கள் கணினிக்கான எக்ஸ்86 லைப்ரரி அப்படியே ஏபிகேவுக்குள் போயிருக்கும். போனில் திறந்ததும் 'டிஎல்ஓப்பன் ஃபெயில்ட்' என்று வந்து, இந்தக் கோப்பு 'இஎம்_எக்ஸ்86_64' வகை, தேவைப்படுவது 'இஎம்_ஆர்ச்64' என்று லாக் சொல்லும். இந்த வரியைப் பார்த்த பிறகு அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. அந்தப் பேக்கேஜின் முழுப் பைத்தான் பதிப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள், அல்லது ரெசிப்பி எழுதுங்கள், அல்லது அந்த வேலையை சர்வரில் வைத்துவிட்டுப் போனிலிருந்து அழையுங்கள். மூன்றில் கடைசி வழி பலருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து.

பைத்தானின் பதிப்பை எண் போட்டு எழுதினால் பைத்தான்3, ஹோஸ்ட்பைத்தான்3 இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் இரண்டும் பொருந்தவில்லை என்று பி4ஏ நின்றுவிடும்.

சோர்ஸ்.இன்க்ளூட்_எக்ஸ்ட்ஸ் வரியும் முக்கியம். பிஒய், பிஎன்ஜி, ஜேபிஜி, கேவி, அட்லஸ் ஆகிய நீட்டிப்புகள் மட்டுமே அதில் தொடக்கத்தில் இருக்கும். உங்கள் செயலி ஜேசன், சிஎஸ்வி, எம்பி3, டிடிஎஃப் எதையாவது படித்தால் அவற்றைச் சேர்க்காதவரை அந்தக் கோப்புகள் போனுக்குப் போகவே போகாது.

ஆண்ட்ராய்டு.ஆர்க்ஸ் வரியில் சோதனைக் காலத்தில் ஆர்ம்64-வி8ஏ ஒன்றை மட்டும் வையுங்கள். 64 பிட், 32 பிட் இரண்டு வகை ப்ராசசருக்கும் கம்பைல் செய்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். என்டிகே பதிப்பை நீங்களாக மாற்றாதீர்கள். பி4ஏ எந்தப் பதிப்பைப் பரிந்துரைக்கிறதோ அதுவே போதும். 'புதியதுதானே நல்லது' என்று கூட்டி வைத்தவர்களின் பில்ட் கம்பைலர் பிழைகளில் முடிவதே வழக்கம்.

கம்பைல், கிரேடில்

2023 ஜூலையில் சைதன் 3 வெளிவந்ததும் அதுவரை ஓடிய பில்டுகள் பல ஒரே நாளில் நின்றன. அதன் அடையாளம், பைஜேனியஸ் கட்டும் இடத்தில் 'லாங்' என்ற பெயர் தெரியவில்லை என்ற பிழை. பைத்தான் 2 காலத்து லாங் வகையைப் பழைய பைஜேனியஸ் குறியீடு பயன்படுத்தியது, சைதன் 3 அதை ஏற்பதில்லை. பழைய கிவி, பைஜேனியஸ் பதிப்புகளோடு நிற்க வேண்டியிருந்தால் என்விரான்மென்டில் சைதன் 0.29.33 போடுங்கள். கிவி 2.3-க்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பதிவிறக்கம் முடிந்த கையோடு 'எய்டில் நாட் ஃபவுண்ட்' என்று நின்றால் பலரும் எய்டில் என்றொரு மென்பொருளைத் தேடி அலைகிறார்கள். அது எஸ்டிகேவின் பில்ட்-டூல்ஸுக்குள் இருப்பது. எஸ்டிகே உரிமத்தை ஏற்காததால் பில்ட்-டூல்ஸே இறங்கவில்லை என்பதுதான் விஷயம். திரையில் ஆம்/இல்லை கேள்வி வந்து, கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். ஸ்பெக்கில் ஆண்ட்ராய்டு.அக்செப்ட்_எஸ்டிகே_லைசென்ஸ் மதிப்பை ட்ரூ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள்.

கிரேடில் நிலையில் அதிகம் வருவது ஜாவா பதிப்புப் பிழை: 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்' என்று சொல்லி ஓர் எண் தரும். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் உங்கள் ஜாவா பதிப்பு கிடைக்கும். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17. இப்போதைய பி4ஏவுக்கு 17 சரியானது. 61 என்று குறை சொன்னால் உங்கள் பி4ஏ பழையது, அதைப் புதுப்பியுங்கள். கணினியில் பல ஜாவாக்கள் இருந்தால் ஜாவா_ஹோம் மாறி எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். 17-ஐப் போட்டுவிட்டேன், இருந்தும் 21 என்கிறதே என்பவர்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

பிழை எதுவும் சொல்லாமல் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் நின்றாலோ, கிரேடில் டீமன் திடீரென மறைந்துவிட்டது என்றாலோ மெமரி போதவில்லை. டபிள்யூஎஸ்எல் பொதுவாகக் கணினி மெமரியில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி மிகவும் நெருக்கம். விண்டோஸ் பயனர் ஃபோல்டரில் .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பில் மெமரியையும் ஸ்வாப்பையும் கூட்டிவிட்டு டபிள்யூஎஸ்எல்லை முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள்.

ரெக்வயர்மென்ட்ஸ், ஆர்க், என்டிகே மூன்றில் எதை மாற்றினாலும் பழைய பில்டின் மிச்சம் புதியதோடு கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'பில்டோசர் ஆப்க்ளீன்' இந்தச் செயலியின் பில்ட் ஃபோல்டரை மட்டும் துடைக்கும். 'டிஸ்ட்க்ளீன்' எஸ்டிகே, என்டிகே எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிடும். மறுபடி பல ஜிபி இறக்க நேரும். முதலாவதே பெரும்பாலும் போதும்.

போனில் திறந்ததும் மூடிக்கொண்டால்

கிவியின் லோடிங் படம் வந்து உடனே மறைகிறதென்றால் நிரலில் பைத்தான் பிழை. ஊகிக்காதீர்கள். போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, 'ஏடிபி லாக்கேட் -எஸ் பைத்தான்' ஓட்டுங்கள். உங்கள் பிரின்ட் வரிகளும் ட்ரேஸ்பேக்கும் அதில் அப்படியே வரும். அதில் ஒன்றுமே வராமல் செயலி சாகிறதென்றால் வடிகட்டியை எடுத்துவிட்டு, செயலி மூடிய நொடியை ஒட்டி 'ஆண்ட்ராய்டுரன்டைம்' என்றும் 'சிக்செக்வி' என்றும் தேடுங்கள். முன்னது ஜாவா பக்கத்துப் பிழை, பின்னது ஏதோ ஒரு சி லைப்ரரி விழுந்ததன் தடயம். டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளிருந்து யூஎஸ்பி நேரடியாகத் தெரியாது. விண்டோஸ் பக்கத்தில் ஏடிபி வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஏபிகேவைப் போடுவது எளிய வழி.

இன்டர்நெட் அனுமதியை ஸ்பெக்கில் எழுதாவிட்டால் வலை அழைப்புகள் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழையோடு தோற்கும். கேமரா, மைக் போன்றவற்றுக்கு ஸ்பெக்கில் எழுதினால் மட்டும் போதாது, செயலி ஓடும்போதும் பயனரிடம் கேட்க வேண்டும். கோப்பு எழுத வேண்டுமா? கிவியின் ஆப் வகுப்பின் யூசர்_டேட்டா_டிர் தரும் இடத்தில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு எஸ்டி கார்டின் வேரில் நினைத்த இடத்தில் எழுத முடியாது. டெர்மினல் ஸ்கிரிப்டை அப்படியே மாற்றுபவர்கள் இன்புட் அழைப்புகளை எல்லாம் திரைப் பெட்டிகளாக மாற்ற வேண்டும். நீண்ட சுழற்சிகளைத் தனித் த்ரெட்டுக்கு அனுப்புங்கள். திரையை இயக்கும் த்ரெட்டில் ஸ்லீப் போட்டால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்று ஆண்ட்ராய்டே கேட்கத் தொடங்கிவிடும்.

தமிழ் எழுத்து

தமிழ்ச் செயலி செய்பவர்கள் எல்லோரும் தட்டுத் தடுமாறும் இடம் இது. கிவியோடு வரும் ரோபோட்டோ எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் போல தமிழும் ஆங்கிலமும் சேர்ந்திருக்கும் திறந்த உரிம எழுத்துரு ஒன்றை ப்ராஜெக்டுக்குள் வையுங்கள். ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தைக் கிவி வேறொன்றிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளாது. தமிழ் மட்டும் உள்ளதைப் போட்டால் எண்ணும் ஆங்கிலமும் கட்டமாகிவிடும். எழுத்துருவை லேபிள்பேஸில் பதிவு செய்து ஃபான்ட்_நேமில் கொடுங்கள். டிடிஎஃப் நீட்டிப்பை ஸ்பெக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் கணினியில் அழகாகத் தெரிந்த செயலி, போனில் எழுத்துருக் கோப்பு இல்லையென்று திறந்ததும் மூடிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் கொம்பு. யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் ஒற்றைக்கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் இடம் மாற்றிப் போடுவது எழுத்தை வடிவமைக்கும் லைப்ரரியின் வேலை. அது நடக்காவிட்டால் 'கெ', 'கொ' எல்லாவற்றிலும் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும். அப்படியொரு லைப்ரரியான ஹார்ஃப்பஸைச் சேர்த்துக் கட்டிய எஸ்டிஎல்2 டிடிஎஃப் (எஸ்டிஎல்2-இன் எழுத்துருப் பகுதி) இருந்தால் இது சரியாகும். ஆனால் எந்த எழுத்து முறை என்று கிவியிடம் சொல்ல வேண்டும், அது தொடக்கத்தில் லத்தீன் என்றே வைத்திருக்கும். புதிய பதிப்புகளில் லேபிளின் ஃபான்ட்_ஸ்கிரிப்ட்_நேம் என்ற பண்புக்கு 'டிஏஎம்எல்' என்ற நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள். முதல் எழுத்து மட்டும் பெரியது. கணினியில் உள்ள லைப்ரரியும் போனுக்காகக் கட்டியதும் ஒன்றல்ல. ஆகவே கொம்பு, கால், ஔகாரம் மூன்றும் வரும் ஒரு சொற்றொடரைப் போனிலேயே காட்டிப் பார்த்த பிறகே மற்ற திரைகளை வடிவமையுங்கள்.

ப்ளே ஸ்டோருக்கு

புதிய செயலிகளுக்கு 2021 ஆகஸ்ட் முதல், ஏபிகேவுக்குப் பதிலாக ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வடிவம் கட்டாயம். 'பில்டோசர் ஆண்ட்ராய்டு ரிலீஸ்' அதைத்தான் தரும். 2019 ஆகஸ்ட் முதல் 64 பிட் கட்டாயம் என்பதால் ஆர்ம்64-வி8ஏ இல்லாமல் ஏற்ற முடியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் டார்கெட் ஏபிஐ 35 (அதாவது ஆண்ட்ராய்டு 15) வேண்டும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி மெமரிப் பக்க அளவையும் ஆதரிக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் 1 முதல் விதி. என்டிகே 28 இதை இயல்பாகவே செய்கிறது. பழைய என்டிகேவில் கட்டிய லைப்ரரிகளுக்குத் தனியாக லிங்கர் அமைப்பு தேவைப்படும். என்டிகேவைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இந்த ஒரு விலக்கு உண்டு. அப்போதும் என்டிகே 28-ஐ ஆதரிக்கும் பி4ஏ வெளியீட்டுக்கு முதலில் மாறிவிட்டு அதன் பிறகு என்டிகேவை மாற்றுங்கள்.

கையொப்பச் சாவியைக் கீடூல் கொண்டு ஒரு முறை உருவாக்குங்கள்: ஆர்எஸ்ஏ, 2048 பிட், 10000 நாள் செல்லுபடி. கோப்பின் பாதை, அதன் கடவுச்சொல், சாவியின் பெயர், சாவியின் கடவுச்சொல் நான்கையும் பி4ஏ_ரிலீஸ் என்று தொடங்கும் நான்கு சூழல் மாறிகளில் கொடுத்தால் ஏஏபி கையொப்பத்தோடு வரும். சாவியை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், கிட்டில் ஏற்றிவிட வாய்ப்பு அதிகம். டீபக் பதிப்பு இருக்கும் போனில் ரிலீஸ் பதிப்பைப் போட முயன்றால் 'அப்டேட் இன்கம்பாட்டிபிள்' என்று மறுக்கும். இரண்டின் கையொப்பமும் வேறு என்பதே காரணம், பழையதை நீக்கிவிட்டுப் போட்டால் ஏறும்.